புயலுக்கு முந்திய வியாழக்கிழமை

தென் இலண்டனில் வசிக்கும் நாங்கள் ஐந்து பேர் சில வருடங்களாகச் சேர்ந்து சைக்கிள் ஓடி வருகிறோம். ஐவருமே ஐம்பதைக் கடந்தவர்கள். மூவருக்குச் சீனி வியாதி, இருவருக்குப் பிறஷர். டொக்டர் நடக்கத்தான் சொன்னார். நடையில் அலுப்புத் தட்டியதால், ஊரில் பள்ளிக்கூடக் காலத்தோடு விட்டுப்போன பழக்கத்தை மீண்டும் பிடித்துக்கொண்டோம். எங்கள் சைக்கிள் பெருமையைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு புயல் வாரத்தில் நாங்கள் எடுத்த மிகச் சிறிய தீர்மானம் ஒன்று சரியா பிழையா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. அதை வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறோம்.

இந்த நாட்டு மாரிகாலத்தில் சைக்கிள் ஓடுபவர்களுக்குப் பெரிய எதிரி காற்று. குளிருக்குக் கையுறை உண்டு, மழைக்கு மேலங்கி உண்டு, எதிர்க்காற்றுக்குப் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. எதிரே வரும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு முழங்கால் சொல்லிக் கொடுக்கும். பக்கக் காற்று இன்னும் பொல்லாதது. இரண்டு கட்டடங்களுக்கு இடையிலிருந்து திடீரென்று ஒரு தள்ளுத் தள்ளினால், பக்கத்தில் வரும் பஸ்ஸுக்கும் நமக்கும் இருந்த இடைவெளி காணாமற் போய்விடும். முறிந்த கிளைகளும் நனைந்த இலைச் சருகும் வேறு.

ஆகவே புயல் வருகிறது என்று கேள்விப்பட்டவுடன், அது வருவதற்கு முன் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவோம். இருக்கிற நாட்களுக்குள் எத்தனை மைல் ஓடலாமோ அத்தனையும் ஓடி முடித்துவிட வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'ஓடி வைத்தல்'. மாரிக்கு விறகு அடுக்கி வைப்பது போல. ஆனால் உண்மையில் உடம்பு எதையும் அடுக்கி வைப்பதில்லை. ஒரு வாரம் ஓடாமல் இருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நட்டம் ஒன்றுமில்லை, அந்த ஓய்வில் தசைகள் தேறவும் கூடும். இது எங்களில் தாதியாக வேலை செய்பவர் சொன்னது. அவரே எல்லோரிலும் முந்திச் சைக்கிளை வெளியே எடுப்பவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனவே 'ஓடி வைத்தல்' என்பது ஆரோக்கியக் கணக்கு என்று எங்களை நாங்களே ஏமாற்ற முடியாது. பறிபோகப் போகிறது என்று தெரிந்த ஒன்றின் மீது வரும் ஆசைதான் அது.

அந்த வாரக் கதைக்கு வருவோம். பிரித்தானிய வானிலை நிலையமும் அயர்லாந்து வானிலை நிலையமும் 2015 முதல் புயல்களுக்குப் பெயர் சூட்டி வருகின்றன. 2022 பெப்ரவரி 14ஆம் திகதி திங்கட்கிழமை, ஒரே நாளில் இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. புதன்கிழமை டட்லி, வெள்ளிக்கிழமை யூனிஸ். அந்த வார முடிவிலேயே பிராங்ளின் என்று மூன்றாவது ஒன்றும் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் மூன்று புயல்கள் பெயர் பெற்றது அதுவே முதல் தடவை. டட்லியின் கை பெரும்பாலும் ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலுமே விழுந்தது. ஆக, டட்லிக்கும் யூனிசுக்கும் நடுவே வியாழக்கிழமை என்று ஒரு நாள் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த வியாழக்கிழமை ஏற்கனவே ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட நாள். எங்களில் இருவருக்கு ஊரில் கணிதம் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் மிச்சம் பகுதியில், முதலாம் மாடியில், தனியாக வசிக்கிறார். அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று. பல்கணிக் கதவின் கொழுக்கி கழன்று போயிருந்தது. பல்கணியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளும் வெறும் பூச்சாடிகள் சிலவும் கிடந்தன. வியாழன் காலை வந்து கொழுக்கியைப் பூட்டி, சாமான்களை உள்ளே எடுத்து வைத்து, ஒரு ரோச் லைட்டும் பற்றறியும் தந்துவிட்டுப் போகிறோம் என்று செவ்வாய்க்கிழமை அவருக்குச் சொல்லியிருந்தோம். அரை மணி நேர வேலை. எங்களில் பெரும்பாலானோர் இருக்கும் ரூட்டிங்கிலிருந்து அவர் வீடு இரண்டு மைல்தான்.

வியாழன் காலை கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் மரத்தில் இலை அசையவில்லை. எட்டரை மணிக்கு ரெலிபோன் எடுத்தோம். "மாஸ்ரர், நாளைக்குக் காலமை வரட்டோ? புயல் பின்னேரம்தான் கடுமையாய் இருக்கும் எண்டு நினைக்கிறம்" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் எங்கள் ஐவருக்கும் இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் நினைவில் இருக்கிறது.

"பரவாயில்லைப் பிள்ளையள். வெயில் கிடக்கேக்கை ஓடுங்கோ. நான் எங்கை ஓடப் போறன், இஞ்சைதானே இருக்கிறன்."

அன்று ஓடிய ஓட்டம் நல்ல ஓட்டம். அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. விம்பிள்டன் கொமன் வழியாக றிச்மன்ட் பார்க்குக்குள் நுழைந்து, ஏறத்தாழ ஏழு மைல் வரும் அந்தச் சுற்றுப் பாதையை இரண்டு தடவை சுற்றினோம். முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1637இல் வேட்டைக்காக மதில் கட்டி அடைத்த அந்தப் பூங்காவில் இன்றும் மான்கள் உண்டு. அன்று அவை றோட்டோரமாகவே கூட்டமாகப் படுத்திருந்தன. நாளைக்கு வரப்போவது தெரிந்துதான் அப்படிப் படுத்திருந்தனவோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். மானுக்கு வானிலை நிலையம் தேவையில்லைத்தான். பிறகு கிங்ஸ்ரன் பாலத்தைக் கடந்து, புஷி பார்க் ஊடாக ஹம்ரன் கோட் வரை போய், ஆற்றங்கரையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். மொத்தம் முப்பது மைலுக்குக் கிட்ட. கடைசி மூன்று மைலில் காற்று மெல்லக் கிளம்பியது. புயலை ஏமாற்றிவிட்டோம் என்று சிறு பிள்ளைகள் போலச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே இலண்டனுக்கும் தென்கிழக்குக்கும் சிவப்பு எச்சரிக்கை அறிவிக்கப்பட்டிருந்தது. காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை உயிராபத்து, வெளியே போகாதீர்கள் என்றது அது. அன்று வைற் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகக் காற்றுப் பதிவாயிற்று. இங்கிலாந்தில் அதுவரை அளக்கப்பட்டதில் அதுவே அதிகூடியது. கிறினிச்சில் ஓ2 மண்டபத்தின் கூரைத் துணி கிழிந்து தொங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியாவில் மூவரும் அயர்லாந்தில் ஒருவரும் உயிரிழந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் மின்சாரம் இழந்தன.

பத்து மணிக்கு முன் போய் வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எங்களிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. முப்பது மைல் ஓடிய கால்கள் எட்டரை மணி வரை தூங்கின. எழும்பிச் செய்தியைப் பார்த்து, ஒருவரோடொருவர் ரெலிபோனில் பேசித் தீர்மானிப்பதற்குள் வெளியே மரங்கள் ஆடத் தொடங்கிவிட்டன. மாஸ்ரருக்கு ரெலிபோன் எடுத்து, பல்கணிக் கதவைத் திறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். ஓம் என்றார்.

மத்தியானம் கதிரைகளில் ஒன்று எழும்பிப் பல்கணிக் கம்பியில் வந்து அடிக்கத் தொடங்கியிருக்கிறது. கீழே நடைபாதை. மாஸ்ரர் கதவைத் திறந்தார். கொழுக்கி இல்லாத கதவு காற்றோடு திரும்பி வந்து அவரைத் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்தது. கீழ் வீட்டிலிருந்த கானா நாட்டுப் பெண்மணி சத்தம் கேட்டு மேலே ஓடிவந்து, அவரைத் தூக்கி இருத்தி, கதிரையையும் உள்ளே இழுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை கூடவே இருந்திருக்கிறார். சனிக்கிழமை நாங்கள் போய் நின்றபோது, ஏன் மாஸ்ரர் திறந்தீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டார். "கீழை சனம் போய் வாறது. ஆற்றையும் தலையிலை விழுந்தால்?" என்றார்.

இதுதான் நடந்தது. இனி வழக்கு.

எங்களில் கணக்காளராக இருப்பவர் அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார்: நாங்கள் செய்ததில் பிழை இல்லை. வெயில் நாளில் மட்டும் செய்யக்கூடியதை வெயில் நாளில் செய்ய வேண்டும், எந்த நாளிலும் செய்யக்கூடியதை மற்ற நாளுக்கு வைக்க வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று முன்னோர்கள் சொன்னதும் இதைத்தான். (நெல் தூற்றுகிறவனுக்குக் காற்று வேண்டும், எங்களுக்குக் காற்று இல்லாத நாள் வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான் என்பது அவர் வாதம்.) விழுந்தது தற்செயல். கதிரை எழும்பாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதப்பட்டிராது என்கிறார்.

அவருடைய கடைசி வாக்கியம் உண்மை. ஆனால் அது அவருக்கே எதிராகத் திரும்புகிறது என்று நாங்கள் நினைக்கிறோம். கதிரை எழும்பாமல் இருந்திருந்தால் நாங்கள் செய்தது சரியாகியிருக்குமா? ஒரு செயலின் நன்மை தீமையை, அதற்கு அடுத்த நாள் அடித்த காற்று தீர்மானிக்க முடியுமா? மணிக்கட்டு முறிந்தது வெள்ளிக்கிழமை. பிழை நடந்திருந்தால் அது வியாழன் காலை எட்டரை மணிக்கே நடந்து முடிந்துவிட்டது. முறிவு அதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இப்படிக் காட்டிக்கொடுக்கப்படாத வியாழக்கிழமைகள் எங்களுக்கு எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மையில் சங்கடமாக இருந்தது.

எண்பதுகளில் இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு 1987 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு நினைவிருக்கும். அந்த ஒரே இரவில் தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. அப்படி ஒன்று வரும் என்று பொதுமக்களுக்குத் தக்க எச்சரிக்கை இருக்கவில்லை. விடிந்து பார்த்தபோது றோட்டெல்லாம் மரம். முன்கூட்டித் தெரியாதவனுக்கு இந்தக் கட்டுரையின் கேள்வியே எழாது. அவன் வழமைபோல இருந்தான், புயல் வந்தது. இன்றைக்கோ ஐந்து நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு வந்த கணத்திலிருந்து மிஞ்சியிருக்கும் நல்ல நாட்கள் எல்லாம் விலை ஏறிவிடுகின்றன. அந்த விலையேறிய நாட்களை முதலில் எதற்குச் செலவழிக்கிறோம் என்பது நம்மைப் பற்றிய ஒரு சாட்சியம். எதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினோம் என்பது அதைவிடப் பெரிய சாட்சியம்.

நாங்கள் ஒதுக்கியது ஒரு மனிதரை. வெயில் போய்விடும், பாதை நனைந்துவிடும், மாஸ்ரர் இருப்பார். "இஞ்சைதானே இருக்கிறன்" என்று அவரே சொன்னார். எண்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவரைப் பற்றி அப்படிக் கணக்குப் போட்டோம் என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. வெயிலைப் போலவே அவரும் நிலையானவரல்ல என்பது எங்களில் எவருக்குத் தெரியாது?

திருவள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். ஏற்ற காலம் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்கிறது அது. எங்கள் கணக்காளர் அதையும் சாட்சிக்கு அழைத்தார். ஆனால் அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில், பகையை வெல்ல நினைக்கும் அரசனுக்காக. அதே வள்ளுவர் அறத்துப்பாலின் தொடக்கத்தில், அறம் செய்வதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம் என்கிறார். ஒரு செயலுக்குக் காலம் பார்க்கச் சொன்னவர், இன்னொன்றுக்குக் காலம் பார்க்காதே என்கிறார். கொழுக்கி பூட்டுவது இதில் எந்த வகை என்பதுதான் எங்கள் வழக்கு. கணக்காளர் அதை ஒரு 'வேலை' என்கிறார். வேலை என்றால் நாள் மாற்றலாம். நாங்கள் மற்ற மூவரும் அதை ஒரு வாக்கு என்கிறோம்.

அவர்தானே பரவாயில்லை என்றார், அனுமதி தந்த பிறகு என்ன குற்றம் என்று கேட்கலாம். எம்மவர் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல்லின் பொருள் விளக்கத் தேவையில்லை. எமது பெற்றோர் சாப்பிடாமல் இருந்துகொண்டு பரவாயில்லை என்றவர்கள். விமான நிலையத்தில் நான்கு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் பரவாயில்லை என்றவர்கள். அந்தச் சொல் எங்களுடைய சங்கடத்தைத் தீர்ப்பதற்காக அவர்கள் கொடுப்பது. அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டு புறப்படுவது வசதியானது. அன்று நாங்கள் அந்த வசதியைத்தான் எடுத்தோம். அந்தப் பதிலுக்காகவே கேள்வியை அப்படிக் கேட்டோம் என்று சொன்னாலும் தவறில்லை.

எங்களில் ஐந்தாமவர், அந்தத் தாதிதான், வேறொரு திசையில் வாதிடுகிறார். குற்றவுணர்ச்சி அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்பது அவர் முறைப்பாடு. பகல் இரவு என்று ஆஸ்பத்திரியில் பிறரைத் தூக்கி இறக்குகிறவளுக்கு வருடத்தில் எத்தனை வியாழக்கிழமை கிடைக்கிறது? மகிழ்ச்சிக்கும் உரிமை உண்டு. கடமை எல்லாம் முடிந்த பிறகுதான் மகிழ்ச்சி என்றால், எம்மவர் எவரும் சாகும் வரை ஒரு மைல்கூட ஓட மாட்டார்கள். இதை மறுக்க எங்களால் முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் இருபது வருடங்கள் இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடியவர்கள் நாங்கள். அந்த ஓட்டத்தில் மான் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் சைக்கிளா மாஸ்ரரா என்று இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்ததா என்பதே சில மாதங்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில், சிறு பிள்ளைகளைத் தவிர, 'சைக்கிள் ஓடப் போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு எவரும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. சந்தைக்குப் போனோம், ரியூசனுக்குப் போனோம், செத்த வீட்டுக்குப் போனோம். மேடு பள்ளம் இல்லாத அந்தத் தரையில் சைக்கிள் போகும் வழியாக மட்டுமே இருந்தது. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகு லொறியும் அதுதான், அம்புலன்சும் அதுதான். மாஸ்ரரும் ஒரு றலி சைக்கிளில்தான் பள்ளிக்கு வருவார். இரண்டு நாள் வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுப் படலையில் பின்னேரம் அவருடைய மணிச் சத்தம் கேட்கும். எங்களில் இருவர் அந்தச் சத்தத்துக்குப் பயந்து கிணற்றடியில் ஒளித்தவர்கள்.

இங்கே வந்து நாங்கள் அதைப் பிரித்துவிட்டோம். ஆட்களைப் பார்க்கப் போவதற்குக் கார். உடம்புக்குச் சைக்கிள். ஒன்று கடமைக் கணக்கு, மற்றது சொந்தக் கணக்கு. இரண்டுக்கும் வேறு வேறு நாள், வேறு வேறு உடுப்பு. அந்த வியாழக்கிழமை ரூட்டிங்கிலிருந்து புறப்பட்ட ஐந்து சைக்கிள்கள் முதல் இரண்டு மைலை மிச்சம் பக்கம் திருப்பியிருந்தால், அரை மணி நேரம் தாமதித்து அதே மான்களைப் பார்த்திருக்கலாம். முப்பது மைல் ஓடத் தயாராக இருந்தவர்களுக்கு நாலு மைல் கூடுதலாகத் தெரிந்தது ஏன்? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவேயில்லை. தோன்றியிருந்தாலும் ஸ்குறூ டிறைவரையும் ரோச் லைட்டையும் எதில் கட்டிக்கொண்டு போயிருப்போம்? எங்கள் சைக்கிள்கள் ஒன்றிலும் கரியர் இல்லை. பாரம் என்று வாங்கிய அன்றே கழற்றிவிட்டோம்.

இப்போது நான்கு சைக்கிள்களில் கரியர் இருக்கிறது. தாதி மட்டும் பூட்ட மறுத்துவிட்டார். ஒரு சைக்கிளாவது ஒன்றுக்கும் உதவாமல் ஓடட்டும் என்கிறார். அவரோடு நாங்கள் சண்டை பிடிப்பதில்லை.

2023 நவம்பர் தொடக்கத்தில் சியாரன் புயல் வரப்போகிறது என்று அறிவித்தபோது, முந்திய நாட்களை வழமைபோல எண்ணினோம். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பேரும் முதலில் மாஸ்ரர் வீட்டுக்குப் போனோம். கொழுக்கி 2022 மார்ச்சிலேயே பூட்டியாகிவிட்டது, கதிரைகளும் உள்ளேதான் கிடந்தன. செய்வதற்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. பற்றறி இரண்டையும் பாணையும் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். அவர் கீழே இறங்கி வந்து, மதிலோடு சாத்தியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். முறிந்து பொருந்திய அந்தக் கையின் பெருவிரலால் ஒரு ரயரை அமத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதுக்குக் காத்துக் காணாது. மேலை பம்ப் கிடக்கு, நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."